அறுபது புள்ளிப் பாசம்

வரச் சொல்லி வந்த கடிதத்தின் கடைசி வரியில் 'காலை உணவு உண்ணாமல் வரவும்' என்று இருந்தது. ரத்தம் எடுக்கப் போவதில்லை, ஊசி போடப் போவதில்லை, வயிற்றுக்குள் எதையும் விட்டுப் பார்க்கப் போவதுமில்லை. உறுப்பு மாற்று ஒப்புதல் குழுவின் குமாஸ்தா ஒருவர் பக்கத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கடிதத்தை நகல் எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றிவிட்டிருந்தார். அந்த ஒரு வரி நான்கு வருடமாக அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஜனங்களும் நான்கு வருடமாகத் தங்கள் பாசத்தை நிரூபிக்க வெறும் வயிற்றோடு வந்துகொண்டிருந்தார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சர்க்கார் காகிதத்தை யார் கேள்வி கேட்கிறார்கள்.

நாகமணியும் கேட்கவில்லை. விடியும் முன் எழுந்து அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, பூண்டும் நெய்யும் தாராளமாகவே விட்டு, தூக்குப்போசியில் போட்டு மூடினாள். எல்லாம் முடிந்த பிறகு இருவரும் எங்காவது மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். அவள் புருஷன் சென்னியப்பனுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை. அவன் முதலாளி வீட்டில் நான்கு இட்லியும் ஒரு ஆப்பாயிலும் சாப்பிட்டுவிட்டு, முதலாளி காரிலேயே கோயம்புத்தூர் வந்து சேர்ந்திருந்தான். நாகமணி பல்லடத்திலிருந்து பஸ்ஸில் வந்தாள்.

"கடுதாசியில சாப்புட வேண்டாம்னு போட்டிருக்குதுங்களே" என்று வாசலிலேயே கேட்டாள்.

"மொதலாளிதான் சொன்னாரு. அதெல்லாம் சும்மா, நீ சாப்புடு தம்பின்னாரு" என்றான் சென்னியப்பன். 'தம்பி' என்ற சொல்லை அவன் வாயில் கொஞ்சநேரம் வைத்திருந்துதான் விட்டான்.

முதலாளி திருமூர்த்தி கோழித்தீவனக் கம்பெனிக்காரர். மூன்று வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. முகம் கறுத்து, கால் வீங்கி, பார்க்கிறவர்களுக்குப் பாவமாகத்தான் இருந்தது. நாகமணிக்கு மட்டும் அந்தப் பாவம் வரவில்லை. அவருக்கு வேண்டியது ஒரு சிறுநீரகம். அது இப்போது அவள் புருஷனின் இடது விலாவுக்குக் கீழே இருந்தது. அதை எடுக்க அனுமதி கொடுக்கலாமா என்று முடிவு பண்ணத்தான் இன்றைக்குக் குழு கூடியிருந்தது.

குழுவில் இரண்டு பேர். தலைவர் ராமதுரை ஓய்வுபெற்ற அதிகாரி, கையெழுத்தைத் தவிர எதையும் தன் கையால் செய்து பழக்கமில்லாதவர். இன்னொருவர் டாக்டர் எஸ்தர், சிறுநீரக டாக்டர், தலை முழுக்க நரைத்த பிறகும் நேராக உட்கார்கிற பெண்மணி. இவர்களுக்கு முன்னால் மேசைமேல் இருந்ததுதான் உண்மையான குழு. அரசாணையில் அதன் பெயர் பிணைப்பு அளவி. ஊரார் வைத்த பெயர் பாசமானி.

தலைவலிக்குக் கட்டுகிற துணி மாதிரி ஒரு பட்டை. அதைத் தலையில் மாட்டிக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க வேண்டும். அப்போது தலைக்குள் என்ன நடக்கிறதோ, அது திரையில் எண்ணாக வரும். நூற்றுக்கு அறுபது வந்தால் பாசம். ஐம்பத்தொன்பது என்றால் வெறும் பழக்கம். கொடுப்பவருக்குப் பெறுபவர்மேல் அறுபது புள்ளி இருந்தால் தானம், இல்லாவிட்டால் குற்றம். மனித குலம் பல ஆயிரம் வருடமாகக் குழம்பிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை ராமதுரை அலுவலகம் ஒரு நாளைக்குப் பதினான்கு வீதம் தீர்த்துவைத்துக்கொண்டிருந்தது.

சொந்தம், அந்நியம் என்ற பேதமும் அதற்குக் கிடையாது. திருமூர்த்தியின் வீட்டார் போன மாதமே வந்து போயிருந்தார்கள். அவர் மனைவிக்கு முப்பத்தொன்று, மூத்த மகனுக்கு இருபத்திரண்டு, இளைய மகனுக்குப் பதினேழு. மூவரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். அழுகையை அடக்குகிறார்கள் என்று நினைத்து டாக்டர் எஸ்தர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாராம். அன்று மாலை அந்த வீட்டில் பாயசம் வைத்த சேதி சமையற்கட்டு வழியாகக் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது.

முதலில் கருவியைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. அதை இயக்கும் பிரவீண் பட்டையைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு காலி நாற்காலியைப் பார்த்தான். திரையில் மூன்று. அந்த நேரம் பார்த்துப் பியூன் ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜியோடு உள்ளே வந்தார். மேசை முழுக்கக் கோப்புகள். வைக்க இடம் இல்லாமல் தட்டை அந்தக் காலி நாற்காலிமேலேயே வைத்தார். திரையில் எண் விறுவிறுவென்று ஏறி அறுபத்தெட்டில் நின்றது.

"என்னப்பா இது" என்றார் ராமதுரை.

"சூடு சார். ஏசி வேலை செய்யலைன்னா இப்படித்தான் குதிக்கும்" என்றான் பிரவீண். தட்டு தலைவர் பக்கம் போனதும் எண் நான்குக்கு இறங்கியது. 'கருவி சரியாக உள்ளது' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். நாகமணியும் பஜ்ஜியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பதினொன்றாகிவிட்டது, அவளுக்குக் காது அடைத்தது.

அடுத்து சென்னியப்பன் முறை. கொடுப்பவரின் அளவைப் பார்க்குமுன், ஒப்பிட்டுப் பார்க்க வீட்டு மனுஷர் ஒருவரை எதிரே உட்கார வைப்பது வழக்கம். நாகமணியை உட்கார வைத்தார்கள். சென்னியப்பன் பட்டையை மாட்டிக்கொண்டு, போட்டோவுக்கு நிற்கிறவன் போல விறைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கை திரையில் மெதுவாக ஏறியது. முப்பது, முப்பத்தெட்டு, நாற்பத்து மூன்று. அதற்கு மேல் அது ஏறவில்லை.

"சராசரிதான். பரவாயில்லை" என்று பிரவீண் ஆறுதல் சொன்னான்.

பிறகு நாகமணி எழுந்துகொள்ள, அதே நாற்காலியில் திருமூர்த்தி வந்து உட்கார்ந்தார். சென்னியப்பன் அவரைப் பார்த்த மாத்திரத்தில் எண் ஐம்பதைத் தாண்டியது. அவர் லேசாகச் சிரித்து, "பயப்படாத தம்பி" என்றார். எழுபத்தாறு.

நாகமணிக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, வெட்கம். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்படி அவளை நாற்பத்து மூன்று ஆக்கிவிட்டார்கள். கோபம் அதற்குப் பின்னால் வந்தது, ஆனால் ஒழுங்காக வந்தது.

"அம்மா, நீங்க மனைவி. உங்களுக்குச் சம்மதம்னா இங்க ஒரு கையெழுத்து" என்று ராமதுரை காகிதத்தைத் தள்ளினார்.

"சம்மதம் இல்லீங்க" என்றாள். "அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறனுங்க. இந்தப் பாசம் எப்ப வந்துதுன்னு இந்த மெசின்ல தெரியுமுங்களா?"

"எப்ப வந்தா என்னம்மா?"

"சொல்றனுங்க. இவிய, எங்க வூட்டுக்காரரு, பதினாலு வருசமா அந்தக் கம்பெனியில தீவன மூட்டை தூக்கினாங்க. அப்ப மொதலாளிக்கு இவிய பேரு கூடத் தெரியாது. மூணு வருசத்துக்கு முன்னால கம்பெனியில இலவச மெடிக்கல் கேம்ப்னு சொல்லி அத்தன பேருக்கும் ரத்தம் எடுத்தாங்க. எடுத்து மூணே மாசத்துல இவியள டிரைவராப் போட்டாங்க. என்ன காருங்கறீங்க? தானா ஓடற காருங்க. இவிய முன்னால கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, வண்டி பாட்டுக்குப் போவும். தானா ஓடற வண்டிக்கு எதுக்குங்க டிரைவருன்னு நான் அப்பவே கேட்டேன். இவியளுக்குக் கோவம் வந்துருச்சு."

டாக்டர் எஸ்தர் கோப்பைப் புரட்டினார். திசுப் பொருத்த அறிக்கை ஒன்று இருந்தது. தேதியை உரக்கப் படித்தார். மூன்று வருடத்துக்கு முந்தைய மார்ச் மாதம். டிரைவர் வேலை உத்தரவு அதே வருடம் ஜூன். முதல் ஞாயிற்றுக்கிழமை விருந்துப் படம், பாச ஆதாரமாக இணைத்தது, ஜூலை. தேதிகளை மாற்றிவைக்க வேண்டும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்கான அவசியம் இல்லாதபடிக்குத்தான் விதிகள் இருந்தன.

"கோழிக்குத் தீவனம் போடற மனுசருங்க" என்றாள் நாகமணி. "எத்தன நாள் போடோணும், எப்பப் புடிக்கோணும்னு அவருக்குத் தெரியாதுங்களா?"

நோயாளி ஒருவர் மனம் புண்பட்டால் எப்படிக் கண்ணை மூடிக்கொள்வாரோ திருமூர்த்தி அப்படி மூடிக்கொண்டார். பதில் சென்னியப்பனிடமிருந்து வந்தது.

"எனக்கும் தெரியும் புள்ள" என்றான் அவன். குரல் இறங்கியிருந்தது. "ரத்தம் பொருந்துச்சுன்னுதான் கூப்புட்டிருப்பாரு. நான் என்ன முட்டாளா. ஆனா கூப்புட்ட பொறவு நெசமாத்தான வெச்சிருந்தாரு. முத நாளு என்னையப் பாத்து, முதுகு வலிக்குதான்னு கேட்டாரு. பதினாலு வருசம் மூட்டை தூக்குனனே, ஒருத்தராச்சும் கேட்டிருப்பாங்களா? நீ கேட்டிருக்கியா?"

நாகமணி கேட்டதில்லைதான். கேட்காமலே பதினான்கு வருடம் அந்த முதுகில் எண்ணெய் சுட வைத்துத் தேய்த்திருக்கிறாள். தேய்க்கிறபோது, கம்பெனிக்காரனை, சம்பளத்தை, இவன் வாயில்லாத்தனத்தை எல்லாம் திட்டிக்கொண்டேதான் தேய்ப்பாள். அந்த எண்ணெய் எந்தக் கோப்பிலும் இணைக்கப்படவில்லை.

"சார், இது ஜோடிச்ச பாசம்" என்றார் டாக்டர் எஸ்தர்.

"இருக்கட்டும் மேடம். எப்படி வந்ததுன்னு நாம கேக்கறதுக்கு விதி இல்லையே. இருக்கான்னுதான் கேக்கலாம். இருக்கு. எழுபத்தாறு."

"எதுக்கு சார் இந்தச் சட்டம் வந்தது? இல்லாதப்பட்டவன் உடம்பை இருக்கப்பட்டவன் வாங்கிடக் கூடாதுன்னு. விக்கறவனைக் காப்பாத்தத்தான். காசுக்குக் கொடுக்கக் கூடாது, பாசத்துக்குக் கொடுக்கலாம்னு எழுதினாங்க. பாசம் இருக்கான்னு பாக்க நான் சேர்ந்த புதுசுல கல்யாண ஆல்பம் கேப்போம். உடனே ஊர்ல ஆல்பம் தயார் பண்ண ஆள் வந்துட்டான். அதனால ஆல்பம் வேண்டாம்னு இந்த மெஷினைக் கொண்டுவந்தாங்க. இப்ப பாசத்தையே தயார் பண்றாங்க. கையில ஒண்ணும் கொடுக்காம, தம்பின்னு கூப்பிட்டே வாங்கிடறாங்க. முன்ன வாங்கினவன் குறைஞ்சபட்சம் காசாவது கொடுத்தான்."

"மேடம், நீங்க சொல்றது நியாயம்தான்" என்றார் ராமதுரை. நியாயம்தான் என்று ஒத்துக்கொண்ட பிறகு அதைப்பற்றி மேற்கொண்டு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்பது அவருடைய முப்பது வருடச் சர்வீஸ் அனுபவம். "அந்தம்மா எதிர்ப்பு சொல்றாங்க. அதுக்கு வழி இருக்கு. அளந்துடலாம்."

"என்னைய எதுக்குங்க அளக்கோணும்?" என்றாள் நாகமணி.

பிரவீண் விளக்கினான். "அக்கா, மனைவி எதிர்ப்பு சொன்னா அது பாசத்துல வர்ற எதிர்ப்பா, வேற எதுலயாவது வர்றதான்னு பாக்கணும். வீட்டுக்காரர்மேல உங்களுக்கு அறுபது இருந்தா எதிர்ப்பு செல்லும். அப்புறம் இவர்கிட்டேருந்து யாருமே எடுக்க முடியாது, மறு மனுவும் போட முடியாது. அறுபது இல்லைன்னா உங்க எதிர்ப்பை எடுத்துக்க மாட்டாங்க. ரெண்டு வாய்ப்பு உண்டு."

நாகமணி பட்டையை மாட்டிக்கொண்டாள். எதிரே சென்னியப்பன். இவனைப் பார்த்துப் பாசம் கொள்ள வேண்டும், அதுவும் இப்போதே, இத்தனை பேருக்கு முன்னால். கல்யாணத்தன்று இவன் மாலையைத் தலைகீழாகப் போட்டதை நினைத்துப் பார்த்தாள். மகளுக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் பத்து நாள் கிடந்ததை நினைத்தாள். நினைத்தவுடனே கூடவே இன்னொன்றும் வந்தது. இந்த மண்டு, எவனோ தம்பி என்று கூப்பிட்டதற்கு விலாவைத் திறந்து காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது.

திரையில் இருபத்தேழு.

ராமதுரை உச்சுக் கொட்டினார். திருமூர்த்தி கண்ணைத் திறந்தார். சென்னியப்பன் திரையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். முதலாளியிடம் எழுபத்தாறு வைத்திருந்தவனுக்கு மனைவியிடம் இருபத்தேழு வாங்குவது வலித்தது. ஆண்பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் சரியாகத்தான் தெரிகிறது.

பத்து நிமிடம் இடைவேளை விட்டார்கள். அந்த இடைவேளையில்தான் டாக்டர் எஸ்தர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதுல 'பெறுபவரின் அளவு'ன்னு ஒரு கட்டம் இருக்கே. நாம இதை நிரப்பினதே இல்லையே" என்றார்.

"அது தேவையில்லை மேடம். வாங்கறவருக்குப் பாசம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

"கட்டம் இருக்கில்ல சார். தணிக்கையில கேட்டா?"

தணிக்கை என்றதும் ராமதுரைக்கு முதுகெலும்பு நிமிர்ந்தது. டாக்டர் நினைத்தது நாகமணிக்கும் புரிந்தது. இந்த முதலாளிக்கு இரண்டோ மூன்றோ வரும். அதைச் சென்னியப்பன் தன் கண்ணால் பார்ப்பான். பார்த்தாவது புத்தி வரட்டும்.

திருமூர்த்தி மறுக்கவில்லை. பட்டையை மாட்டச் சொல்லி, எதிரே உட்கார்ந்திருந்த சென்னியப்பனைப் பார்த்தார். எண் எழுபது, எண்பது, தொண்ணூறு என்று தடையில்லாமல் ஏறியது. தொண்ணூற்று நான்கில் வந்து நின்றது. இந்த அலுவலகத்தில் இதுவரை எந்தத் தாயும் எந்தப் பிள்ளைக்கும் வாங்காத எண் அது.

"அடேயப்பா" என்றான் பிரவீண்.

சென்னியப்பன் அழுதேவிட்டான். "மொதலாளி" என்று ஒரு சொல்தான் சொல்ல முடிந்தது அவனால். ராமதுரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டர் எஸ்தர் முகத்தில் ஈயாடவில்லை.

நாகமணி மட்டும் திரையைப் பார்க்கவில்லை. அவள் முதலாளியின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண் சென்னியப்பனின் முகத்தில் இல்லை. இடது பக்கம், விலாவுக்குக் கீழே, சட்டை பேன்ட்டுக்குள் போகிற இடத்தில் நின்றிருந்தது. மீன் அரிகிற பலகைக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டு, அரிகிறவளின் முகத்தை ஏறிட்டும் பார்க்காமல் பலகையையே பார்க்கும் பூனை. அதே பார்வை. மூன்று வருடப் பசி.

அப்போதுதான் அவளுக்குப் பஜ்ஜி ஞாபகம் வந்தது. காலி நாற்காலிமேல் தட்டு வந்ததும் அறுபத்தெட்டு. சூடு என்றான் இந்தப் பையன். என்ன சூடு. இந்த மெஷினுக்குப் பாசமும் தெரியாது, பசியும் தெரியாது. வேண்டும் வேண்டும் என்று தவிக்கிற மண்டையைத்தான் தெரியும். எதற்காகத் தவிக்கிறது என்று கேட்கிற அறிவு அதற்கு இல்லை. கேட்க வேண்டாம் என்றுதான் இவர்கள் இதை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

"அம்மா, ரெண்டாவது வாய்ப்பு" என்றார் ராமதுரை, முடித்துவிட்டுச் சாப்பிடப் போகிற அவசரத்தில்.

நாகமணி எழுந்தாள். போகிற வழியில் தூக்குப்போசியைப் புருஷன் மடியில் வைத்தாள். வைக்கும்போது மூடியை விரலால் நெம்பி, அரை அங்குலம் திறந்துவிட்டாள்.

"இத சித்த புடிங்க. மேசை மேல வெச்சா அய்யாவுங்க கோவிச்சுக்குவாங்க."

அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவள் எதிரே போய் உட்கார்ந்து பட்டையை மாட்டிக்கொண்டு கண்ணைத் தாழ்த்தினாள். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ராத்திரி இதே கவலையில் சோறு இறங்கவில்லை, காலையில் கடிதம் சாப்பிட விடவில்லை. மூடியின் இடுக்கிலிருந்து பூண்டு வாசம் வந்தது. நெய்யில் பொரிந்த வெங்காயம், அடியில் லேசாகப் பிடித்த பருப்பு. வாயில் நீர் ஊறியது. அந்தப் போசியைத் தவிர உலகத்தில் வேறு எதுவுமே அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"ஐம்பது" என்றான் பிரவீண். "அறுபத்திரண்டு. எழுபது. அக்கா, அப்படியே பாத்துக்கிட்டிருங்க. எண்பத்தொண்ணு."

ராமதுரைக்கு எந்த வருத்தமும் இல்லை, எண் எதுவானாலும் அவருக்குச் சம்மதமே. 'மனைவியின் எதிர்ப்பு ஏற்கப்பட்டது. மனு தள்ளுபடி' என்று எழுதி முத்திரை வைத்தார். டாக்டர் எஸ்தர் நாகமணியைப் பார்த்தார், பிறகு மடியில் இருந்த போசியைப் பார்த்தார், பிறகு மூக்கைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவர் தோள் குலுங்கிற்று.

திருமூர்த்தி எழுந்தார். சென்னியப்பன் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "மொதலாளி, நான் குடுக்கத்தான் நெனச்சேன்" என்றான். அவர் கையை விலக்கிக்கொண்டு, "சரி சரி" என்றார். தம்பி என்ற சொல் அதில் இல்லை. வாசலில் நின்றிருந்த கார் கதவைத் தானாகத் திறந்து, அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு, முன் சீட்டில் ஆள் இல்லாமலே ஒழுங்காக ஓடிப் போயிற்று.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சூலூர் தாண்டியதும் சென்னியப்பன் அவள் பக்கம் திரும்பினான். பிறகு, "புள்ள" என்றான்.

"என்னங்க."

"நெசமாலுமே எம்மேல எண்பத்தொண்ணா?"

நாகமணி வெளியே பார்த்தபடி, "மெசினு பொய் சொல்லுமுங்களா" என்றாள்.

"மொதல்ல இருவத்தேழுதான வந்துச்சு."

"அப்ப கோவமா இருந்தேன்."

அவன் அதை நினைத்து நினைத்துப் பார்த்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் மெல்ல ஏறியது. எண்பத்தொன்று. முதலாளியின் தொண்ணூற்று நான்குக்குக் கீழேதான் என்றாலும், பக்கத்து வீட்டுக்காரன் எவனுக்கும் இது கிடைத்திருக்காது. நாகமணிக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். எண்ணெய் தேய்த்த கைக்கு இல்லாத மரியாதை அரிசிம்பருப்புக்குக் கிடைத்துவிட்டது.

அந்த நேரம் அவன் போன் அடித்தது. கம்பெனியில் மூட்டை தூக்கும் கிட்டான். பஸ் இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரைப் போட்டான்.

"அண்ணா, ஒரு விசயம். யாருகிட்டயும் சொல்லாதீங்கண்ணா. இப்பத்தான் மொதலாளி போன் பண்ணினாரு. என்ற நம்பருக்கே, அவரே பண்ணினாரு. ஞாயித்துக்கெழம வூட்டுக்குச் சாப்புட வரச் சொன்னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அண்ணா, முதுகு வலிக்குதான்னு கேட்டாருண்ணா. இத்தன வருசத்துல ஒருத்தரு கேட்டதில்ல. லைன்ல இருக்கீங்களாண்ணா?"

சென்னியப்பன் லைனில்தான் இருந்தான். ஏறிய வெளிச்சம் இறங்கிவிட்டது. சட்டையின் இடது பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டான், பிக்பாக்கெட்காரன் கை வைத்த பிறகு பையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. கண் கலங்கி, உதடு கோணி, அந்தப் பெரிய உடம்பு சீட்டில் சின்னதாகிப் போயிற்று.

நாகமணிக்கு அவனை அப்படிப் பார்க்கச் சகிக்கவில்லை. காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த அத்தனை திட்டும் தொண்டை வரை வந்து, அங்கேயே கரைந்தது. பாவி மனுஷனுக்கு முதுகைத் தவிர வேறு எங்கேயும் அடிபட்டுப் பழக்கமில்லை. தூக்குப்போசியைத் திறந்து, ஒரு கவளம் உருட்டி அவன் கையில் வைத்தாள். அவளுக்கு இன்னும் காது அடைத்துக்கொண்டுதான் இருந்தது. அவன் வாயில் போடும் வரை காத்திருந்தாள். பிறகு போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கிட்டா, உன்ற பொண்டாட்டி சுகுணா பக்கத்துல இருக்கறாளா? அவகிட்டக் குடு."

சுகுணா வந்தாள். "சொல்லுங்கக்கா. கேட்டீங்களா, மொதலாளி வூட்டு விருந்து. எதுக்குக் கூப்புடறாருன்னுதான் தெரியல."

"தெரியும் சாமி, பொறவு வந்து வெவரமாச் சொல்றேன். நான் சொன்னா உன்ற புருசன் இப்பக் கேக்க மாட்டான், போயித்தான் தீருவான். போவட்டும். மூணு வருசமோ அஞ்சு வருசமோ, ஒருநாளு கோயம்புத்தூர்ல இருந்து உன்ற பேருக்கு ஒரு கடுதாசி வரும். அதுல காலையில சாப்புடாம வரச் சொல்லியிருப்பாங்க. அதுக்குள்ள எவனாச்சும் அந்த வரியத் திருத்திப்போட்டான்னாலும் பரவால்ல. நீ சாப்புடாமயே போ."

"எதுக்குங்கக்கா?"

"சொல்றதச் செய்யி. மொத நாளு ராத்திரியே சோறு திங்காத. உனக்கு எது நெம்பப் புடிக்குமோ, அத ஒரு போசியில ஆக்கி எடுத்துக்கிட்டுப் போயி, அங்க உன்ற புருசன் மடியில வெய்யி."